வரவு மட்டும் எழுதும் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் நம் மாணவர் ஒருவரின் ஊருக்குச் சென்றிருந்தோம். தென்மாவட்டத்துக் கரிசல் பூமி. வானம் பார்த்த நிலம். புரட்டாசிக் கடைசியில் உளுந்து விதைத்திருந்தார்கள். ஐப்பசியில் குறைவில்லாத மழை. பயிர் தழைத்துப் பூவெடுக்கும் வேளையில் பதினெட்டு நாள் வானம் வெளிவாங்கிவிட்டது. அந்தப் பதினெட்டு நாளும் அடித்த வெயில் அந்தப் பருவத்துக்குரிய வெயிலாக இல்லை. பூ உதிர்ந்தது, நின்ற பூவும் காயாகவில்லை. பிறகு மார்கழித் தொடக்கத்தில் இரண்டு நாள் மழை கொட்டித் தீர்த்தது. பட்டுப்போன செடியின்மேல் பெய்த அந்த மழை யாருக்கும் பயன்படவில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அது மழைக்கணக்கில் ஏறியது.

மாணவரின் தந்தை நிவாரணம் கேட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசியிருக்கிறார். பேரேட்டைப் புரட்டிக் காட்டி, "உங்க பிர்க்காவுல மழை இயல்புங்க; பதினாலு விழுக்காடுதான் குறைவு. இதுல வறட்சி எங்கே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் இதை நம்மிடம் சொன்னபோது கோபத்தைவிடக் குழப்பமே மிகுந்திருந்தது. "மழை பேய்ஞ்சது நெசந்தான் சார். அவுக சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா ஈரம் நிலத்துல நிக்கலையே. கார்த்திகையில சித்திரை வெயில் அடிச்சா பயிரு என்ன செய்யும்? அதை எந்த நோட்டுல எழுதியிருக்காக?"

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. எந்த நோட்டிலும் எழுதவில்லை என்பதே அதன் விடை. இன்னும் சரியாகச் சொன்னால், எழுதிவைத்த நோட்டு ஒன்று இருக்கிறது; வறட்சி உண்டா இல்லையா என்று முதலில் முடிவுசெய்யும் மேசைக்கு அது போவதில்லை. வானத்திலிருந்து வந்ததை மில்லிமீட்டர் பிசகாமல் எழுதி, நிலத்திலிருந்து வெயில் எடுத்துக்கொண்டு போனதை எழுதாமல் விடுவது எவ்வகைக் கணக்கு? வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத வணிகனை ஊர் என்ன சொல்லும் என்பதை வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

*

இலக்கியம் பேசும் இடத்தில் மழைமானிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதால்தான் இங்கே எழுதுகிறோம்.

வறட்சி என்றதும் நம் கவிஞர்களும் கதாசிரியர்களும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேகம் வரவில்லை, வானம் ஏமாற்றிவிட்டது, மழை பொய்த்தது. திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பாக அமைந்த மொழியில் இந்த அண்ணாத்தல் இயல்பானதுதான். ஆயினும் தமிழ் இரண்டு சொற்களை வைத்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிட்டோம். மழை பொய்த்தல் வானத்தைப் பற்றியது. வறட்சி நிலத்தைப் பற்றியது. வறள்தல் என்னும் வினைக்கு எழுவாய் நிலமோ, குளமோ, நாவோ ஆகலாம், வானம் ஆகாது. முன்னது ஒரு காரணம், பின்னது ஒரு நிலை. காரணத்தின் பெயரை நிலையின் பெயராக மாற்றி எழுதிப் பழகிய நமக்கு, அலுவலகம் அதே மாற்றத்தைச் செய்யும்போது அது பிழையென்றே தோன்றுவதில்லை.

பழையவர்கள் இந்தப் பிழையைச் செய்யவில்லை. தொல்காப்பியம் பாலைக்குப் பொழுது வகுக்கையில் நண்பகலையும் வேனிலையும் தந்தது. இரண்டும் வெம்மையின் பெயர்கள். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழி சொல்லும் இடம் தமிழ் படித்த அனைவர்க்கும் மனப்பாடம். பாலை என்பது தனியொரு நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்பது அவன் கூற்று. அதை நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்கிறோம். அந்த இடத்தில் குற்றவாளிகளாக அவன் சுட்டுவது யாரை என்று மாணவரைக் கேட்டால் பெரும்பாலோர் மழையின்மையை என்றே விடை தருகின்றனர். இளங்கோ சுட்டுவது கதிரவனையும் அவனோடு கூடிய வேனிலையும். நிலத்தைத் திரிப்பது வெயில். ஒரே நிலம், வெம்மை மிகும்போது வேறொரு படிவம் கொள்கிறது என்னும் அந்தப் பார்வை, இன்றைய வறட்சி அளவீட்டுச் சண்டையின் நடுப்புள்ளியில் வந்து நிற்கிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை; இளங்கோ வானிலை ஆய்வாளர் அல்லர். நம்மிடமே இருந்த ஒரு வேறுபாட்டை நாமே தொலைத்தோம் என்பதைச் சொல்லவே சொல்கிறோம்.

*

இனி அளக்கும் முறைக்கு வருவோம்.

இந்திய வானிலைத் துறையின் பழக்கம் எளியது. நீண்டகாலச் சராசரி மழையோடு அந்த ஆண்டின் மழையை ஒப்பிடுவது. 19 விழுக்காடு வரை குறைந்தாலும் கூடினாலும் அது 'இயல்பு'. அதற்கும் கீழே போனால் 'குறைவு'. ஒரு பகுதியின் பருவமழை 26 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தால் மிதமான வறட்சி, 50க்கும் மேல் குறைந்தால் கடும் வறட்சி. இதில் வெப்பமானிக்கு இடமே இல்லை.

உலக அளவில் பெரிதும் வழங்கும் எஸ்.பி.ஐ. என்னும் குறியீடும் மழையை மட்டுமே கொள்வது. 1993இல் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் ஆகிய மூவர் முன்வைத்தது. ஓரிடத்தின் பல்லாண்டு மழைப்பதிவை எடுத்துக்கொண்டு, இவ்வாண்டின் மழை அவ்விடத்துக்கு எவ்வளவு அரிதானது என்று ஒற்றை எண்ணில் சொல்லும். சுழியம் என்றால் நடுநிலை. கழித்தல் ஒன்றுக்குக் கீழே வறட்சி தொடங்குகிறது. கழித்தல் இரண்டுக்குக் கீழே மிகக் கொடியது. 2009இல் அமெரிக்காவின் லிங்கன் நகரில் கூடிய வல்லுநர்கள், உலக நாடுகளின் வானிலைத் துறைகள் யாவும் இதைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தனர்.

அதன் நற்பண்புகளை மறைக்க மாட்டோம். மழைமானி எங்கும் உண்டு. வெயில், காற்று, ஈரப்பதம் அளக்கும் கருவிகள் எங்கும் இல்லை. பாலைநிலத்தையும் மலைநாட்டையும் ஒரே தராசில் நிறுக்க அது உதவுகிறது. மழை அடியோடு தவறிய ஆண்டில் எந்தக் குறியீடும் பொய் சொல்வதில்லை. 2016இல் தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில் வெப்பமானியைப் பார்த்துத்தான் வறட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. வெற்றுக் கண்ணே போதும்.

சிக்கல் அத்தகைய ஆண்டுகளில் இல்லை. பெரியவரின் பதினாலு விழுக்காட்டு ஆண்டுகளில் இருக்கிறது. கொஞ்சம் மழை குறைந்து, வெம்மை மிகுந்து, இரண்டும் சேர்ந்து பயிரைக் கொன்ற ஆண்டு மழைப்பேரேட்டில் 'இயல்பு' என்னும் பெயரோடு படுத்திருக்கும்.

*

வெம்மை என்ன செய்கிறது? இங்கே சற்றுப் பொறுமை வேண்டும்; கணக்கு எளியதுதான்.

காற்று சூடேறச் சூடேற அது ஏற்கக்கூடிய நீராவியின் அளவு மிகுகிறது. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு என்பது பாடநூல் செய்தி. பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். பயிரை வருத்துவது காற்று எவ்வளவு ஏற்கும் என்பதைவிட, இன்னும் எவ்வளவு ஏற்க இடம் இருக்கிறது என்பதே. இதைக் காற்றின் தாகம் என்று அழைப்போம். 30 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு என்று கொள்வோம். காற்றில் உள்ள நீராவி மாறாமல் வெப்பம் மட்டும் 32 டிகிரிக்கு ஏறினால், அந்தத் தாகம் ஏறத்தாழ கால்பங்கு கூடிவிடுகிறது. இரண்டே டிகிரி. மழைப்பேரேட்டில் ஒரு துளி மாற்றமும் இல்லை.

தாகம் கால்பங்கு கூடினால் நிலம் இழக்கும் நீரும் கால்பங்கு கூடிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கதிரொளியும், காற்றின் வேகமும், இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும் தந்திரமும் அதில் கலந்திருக்கின்றன. சிறிதளவே கூடியதாக வைத்துக்கொள்வோம். வேர் எட்டும் ஆழத்தில் நிலம் 90 மில்லிமீட்டர் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது என்க. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் செலவானால் அது 18 நாள் தாங்கும். 6 மில்லிமீட்டர் செலவானால் 15 நாள். பெரியவரின் நிலத்தில் மழையில்லாது கழிந்தவை பதினெட்டு நாள். குளிர்ந்த வானத்தின்கீழ் அந்தப் பயிர் தட்டுத்தடுமாறியாவது மறுகரை சேர்ந்திருக்கும். வெயில் மூன்று நாளைத் திருடிக்கொண்டது. பூப்பருவத்தில் மூன்று நாள் என்பது ஒரு வெள்ளாமை. இவ்வெண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. பெரியவரின் நிலத்தில் யாரும் அளக்கவில்லை. அளக்கவில்லை என்பதுதான் நம் வழக்கே.

வெளிநாட்டுச் சான்றுகள் இரண்டைச் சொல்வோம். கலிஃபோர்னியாவில் 2012 முதல் 2014 வரை நீண்ட வறட்சியைக் கிரிஃபின், அன்சுகைட்டிஸ் என்னும் இருவர் மரவளையங்களைக் கொண்டு ஆராய்ந்தனர். மழைக்குறைவை மட்டும் பார்த்தால் அதற்கு ஈடான காலங்கள் அந்நிலத்தின் வரலாற்றில் முன்பும் வந்திருந்தன. வெப்பத்தையும் சேர்த்து மண்ணின் ஈரத்தைக் கணக்கிட்டபோது, 1200 ஆண்டுகளில் அதுபோல் கொடியது இல்லை என்றாயிற்று. ஒரே மூன்றாண்டுகள், ஒரு பேரேட்டில் அது அவ்வப்போது வருவது, மற்றொன்றில் ஆயிரத்தாண்டுக்கும் மேலாகக் காணாதது.

இரண்டாவது சான்று இன்னும் கூரியது. கிழக்கு ஆப்பிரிக்காவில், எத்தியோப்பியாவின் தென்பகுதி, சோமாலியா, கென்யாவின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் 2020 இறுதியிலிருந்து ஐந்து மழைப்பருவங்கள் அடுத்தடுத்துத் தவறின. கால்நடைகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. 2023இல் உலக வானிலை நிகழ்வுக் காரணி ஆய்வுக் குழு தன் முடிவை வெளியிட்டது. புவி 1.2 டிகிரி குளிர்ந்ததாக இருந்த பழைய உலகில் அதே காலத்து மழையும் ஆவியாதலும் சேர்ந்து வறட்சி என்னும் வகைக்குள்ளேயே வந்திரா என்பது அம்முடிவின் சாரம். மழைக்குறைவு ஒரு துன்பத்தைக் கொண்டுவந்திருக்கும். அதைப் பேரழிவாக்கியது வெம்மை.

வெம்மையைக் கணக்கில் சேர்க்கும் வழி புதிதும் அன்று. 1965இலேயே அமெரிக்காவின் பால்மர் மழையையும் வெப்பத்தையும் சேர்த்து, மண்ணை ஒரு பாத்திரம்போல் பாவித்து, வரவு செலவுக் குறியீடு ஒன்றை அமைத்தார். 2010இல் ஸ்பெயினின் விசென்டே செரானோவும் அவருடைய கூட்டாளிகளும் எஸ்.பி.ஐ. முறையையே எடுத்துக்கொண்டு, மழை என்ற இடத்தில் 'மழையிலிருந்து ஆவியாதல் தேவையைக் கழித்தது' என்று வைத்தார்கள். எஸ்.பி.இ.ஐ. என்பது அதன் பெயர். ஒரு கழித்தல். பெரியவர் கேட்ட இரண்டாவது நோட்டு அவ்வளவுதான்.

*

எதிர்வாதங்களை ஒளிக்காமல் எடுத்துவைப்பது நம் கடமை. வலுவானவை இரண்டு.

முதலாவது, அறிவியலாரின் வாதம். வெப்பத்தைச் சேர்த்தால் வறட்சி மிகையாகத் தெரியும் என்பது. இது வெறும் சாக்கு அன்று. பால்மர் கையாண்டது தார்ன்த்வைட் என்பவர் 1948இல் தந்த சூத்திரம். அது வெப்பமானியை மட்டுமே கேட்டு ஆவியாதலைச் சொல்வது. உலகம் சூடேற, அச்சூத்திரப்படி எல்லா நிலமும் காய்ந்துகொண்டே போகும். 2012இல் ஷெஃபீல்டு, வுட், ரோடரிக் ஆகியோர் 'நேச்சர்' இதழில் இதை வெளிச்சமிட்டுக் காட்டினார்கள். கதிரொளி, ஈரப்பதம், காற்று ஆகியவற்றையும் கொள்ளும் பென்மன்-மான்டெய்த் முறையில் கணக்கிட்டால், அதுவரை சொல்லப்பட்ட உலகளாவிய வறட்சிப் பெருக்கம் பெரிதும் சுருங்கிவிடுகிறது என்றார்கள். நம் நாட்டிலேயே, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெப்பம் ஏறியபோதும் பல நிலையங்களில் ஆவியாதல் தொட்டியின் அளவுகள் இறங்கின. மேலும் ஒரு நுட்பம் உண்டு. நிலம் காய்ந்தால் வெயிலின் ஆற்றல் நீரை ஆவியாக்குவதில் செலவாகாமல் காற்றையே சூடாக்குகிறது. ஆகவே வெப்பம் சில வேளை வறட்சியின் தாய், சில வேளை அதன் பிள்ளை. பிள்ளையைத் தாயாக எண்ணிக் கூட்டினால் ஒரே துன்பத்தை இருமுறை எண்ணியதாகும்.

இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறோம். ஒவ்வொரு கோடையையும் உலக முடிவாக எழுதும் நண்பர்களும் இவற்றைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். ஆனால் இவ்வாதத்திலிருந்து கிடைக்கும் முடிவு என்ன? செலவைத் தவறாக எழுதாதே, நன்றாக அளந்து எழுது என்பதே. செலவை எழுதவே எழுதாதே என்று ஷெஃபீல்டு குழுவினர் எங்கும் சொல்லவில்லை. அவர்கள் கையாண்ட முறையும் வெப்பத்தைக் கொள்வதுதான். மோசமான தராசுக்கு மாற்று நல்ல தராசு. தராசையே தூக்கியெறிந்துவிட்டுக் கண்மதிப்பில் நிறுப்பது மாற்றாகாது. வெப்பத்தை விட்டுவிடும் குறியீடு நடுநிலையானது என்று எண்ணுவதும் தவறு. ஆவியாதல் எந்த ஆண்டும் மாறுவதில்லை என்று அது மௌனமாக ஒரு கருத்தைக் கொண்டிருக்கிறது. சூடேறும் உலகில் அந்த மௌனம் ஒவ்வொரு பத்தாண்டும் உண்மையிலிருந்து மேலும் விலகிப்போகும்.

இரண்டாவது, கருவூலத்தின் வாதம். வெம்மையையும் சேர்த்தால் எல்லா வட்டமும் வறட்சி வட்டமாகிவிடும், பணத்துக்கு எங்கே போவது என்பது. யாரும் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆயினும் ஏற்பாடுகள் அப்படித்தான் பேசுகின்றன.

2016ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜனவரியில் இந்திய வானிலைத் துறை, 'வறட்சி' என்னும் சொல்லையே தன் அகராதியிலிருந்து நீக்கி, 'குறைமழை ஆண்டு' என்று வழங்கப்போவதாக அறிவித்தது. மே 11 அன்று உச்ச நீதிமன்றம், வறட்சியை அறிவிக்கத் தயங்கிய மாநிலங்களைக் கடிந்துகொண்டு, வறட்சி மேலாண்மைக் கையேட்டை ஆண்டு முடிவதற்குள் திருத்துமாறு மத்திய அரசைப் பணித்தது. மே 19 அன்று இராஜஸ்தானின் பலோதியில் 51 டிகிரி பதிவாயிற்று. இந்திய மண்ணில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே உச்சம். டிசம்பரில் புதிய கையேடு வந்தது. வறட்சிக்கு அஞ்சி நீதிமன்றம்வரை போன ஆண்டில், வெப்பம் அதன் உச்சத்தைத் தொட்ட ஆண்டில் வந்த கையேடு வெப்பத்துக்கு எந்த இடத்தைத் தந்தது?

அந்தக் கையேட்டில் இரண்டு வாசல்கள் உண்டு. முதல் வாசலில் கேட்கப்படுபவை சராசரியிலிருந்து மழை விலகியது எவ்வளவு, எஸ்.பி.ஐ. எவ்வளவு, மூன்று நான்கு வாரம் நீண்ட மழையற்ற இடைவெளி உண்டா என்பவை. மூன்றும் மழைமானியின் பிள்ளைகள். இந்த வாசலைக் கடந்தவர்க்கே இரண்டாம் வாசல். அங்கேதான் விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பசுமை, மண்ணின் ஈரம், அணைகளின் இருப்பு, நிலத்தடி நீர் ஆகியவை பார்க்கப்படுகின்றன. மண் ஈரத்தின் வழியாக வெம்மையும் ஒருவாறு உள்ளே வருகிறது. அவற்றுள் போதிய குறியீடுகள் 'கடுமை' என்று சான்று சொன்னால்தான் மத்தியப் பேரிடர் நிதியின் கதவு திறக்கும். பெரியவர் முதல் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடுகிறார். அவருடைய நிலத்தின் ஈரத்தைக் கேட்கும் கேள்வி இரண்டாம் அறையில் இருக்கிறது. அந்த அறைக்குப் போகும் சீட்டு மழைமானியின் கையில் இருக்கிறது. அவருடைய பதினெட்டு நாள் மூன்று வாரத்துக்கு மூன்று நாள் குறைவு. வெயில் திருடிய அதே மூன்று நாள்!

அறியாமையால் இப்படி நேர்ந்தது என்றால் நாம் இவ்வளவு கடுமையாக எழுத மாட்டோம். வானிலைத் துறையின் புனே அலுவலகம் பருவந்தோறும் இரு வாரத்துக்கு ஒருமுறை வறள்நிலைப் பிறழ்வு வரைபடம் வெளியிட்டு வந்திருக்கிறது. ஆவியாதல் தேவையில் எவ்வளவு பங்கை நிலம் நிறைவேற்ற முடிந்தது என்பதைக் காட்டும் வரைபடம் அது. செலவுக் கணக்கு அரசின் வீட்டிலேயே எழுதப்படுகிறது. அதை முதல் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. அறிந்ததை வாசலுக்கு வெளியே நிறுத்திவைப்பதற்கு அறியாமை என்று பெயரிட முடியாது.

பணம் போதாது என்பது உண்மையான வருத்தமானால் அதைப் பணத்தின் மொழியில் பேசட்டும். இவ்வளவுதான் இருக்கிறது, இவர்களுக்கு முதலில், அவர்களுக்குப் பிறகு என்று அவையில் சொல்லட்டும். மக்கள் வாதிடுவார்கள், கேட்பார்கள், சிலவேளை ஏற்றும்கொள்வார்கள். அறிவியலின் சட்டையை மாட்டிக்கொண்டு, "உன் நிலம் காயவில்லை" என்று காய்ந்த நிலத்தில் நிற்பவனிடம் சொல்வது வேறு. முன்னது வறுமை, பின்னது பொய். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்திலிருந்து இந்நாட்டு ஆட்சிமுறை ஒரு பாடம் கற்றிருக்க வேண்டும். பஞ்சம் உண்டென்று ஒப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவனுடைய அளவுகோலே பசித்தவனின் விதியாகிறது. அளவுகோலைத் தேர்வது எப்போதும் அரசியல். அதில் எண்கள் வந்து நிற்பதால் அது அரசியல் இல்லாமல் ஆகிவிடாது.

*

நாம் கேட்பது பெரிதன்று. முதல் வாசலில் மழைமானிக்குப் பக்கத்தில் ஆவியாதல் கணக்குக்கும் ஓர் இருக்கை. வெப்பம் ஒன்றையே நம்பும் பழைய சூத்திரத்தால் அன்று. கதிரொளியும் ஈரப்பதமும் காற்றும் அளக்கும் நிலையங்களைக் கூட்டி, அவற்றின் பதிவால். நிலையம் இல்லாத இடத்தில் மண்ணின் ஈரத்தையே நேராக அளந்து. இரண்டு குறியீடுகளும் ஒத்துப்போனால் நல்லது. முரண்பட்டால், மழை இயல்பு என்றும் நிலம் வறண்டது என்றும் இரண்டும் சொன்னால், அந்த முரண்பாட்டையே களத்துக்குப் போய்ப் பார்ப்பதற்கான காரணமாகக் கொள்ளட்டும். பதினாலு விழுக்காடு என்று பேரேட்டை மூடுவதற்குப் பதில், பயிரைப் பார்க்க ஓர் ஆள் போகட்டும்.

நம் இலக்கிய நண்பர்களிடம் கேட்பது அதனினும் சிறிது. வறட்சியை எழுதும்போது கொஞ்சம் தலையைத் தாழ்த்தி நிலத்தைப் பாருங்கள். மேகத்தைத் திட்டி எழுதிய வரிகள் நம்மிடம் போதிய அளவு உண்டு. மேகம் வந்தும், மழை பெய்தும், நிலம் காய்ந்த கதைகள் இனிமேல் மிகுதியாக வரப்போகின்றன. அவற்றுக்குப் பழைய உருவகங்கள் பொருந்தா. மழை பொய்க்காமலே வறட்சி வரும் என்பதைச் சொல்ல மொழி ஆயத்தமாக இல்லையென்றால், அலுவலகம் தரும் சொற்களையே நாமும் வழங்க நேரும். 'இயல்பு' என்பது அச்சொற்களுள் ஒன்று.

அன்று விடைபெறும்போது பெரியவர் நம்மை நிலத்துக்கு அழைத்துச் சென்றார். மார்கழி மழையால் மண் இன்னும் கருத்து ஈரமாக இருந்தது. அதில் களை மட்டும் செழித்திருந்தது. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி நம் கையில் வைத்தார்.

"பாருங்க சார், ஈரம். இப்ப வந்து அளந்தா வறட்சியே இல்லைன்னுதான் எழுதுவாக. பூவெடுத்தப்ப வந்திருக்கணும்."

நம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை. மண் கையில் குளிர்ந்தே இருந்தது.